மாதிரி முழங்கை

"ஓடாதீங்க! இங்க ஓடக் கூடாது!"

காவலாளி கத்தியபோது அவன் பாதி வராந்தாவைத் தாண்டியிருந்தான். தோளில் ஏழு வயது மகள். அவள் வலது கையைச் சுற்றி ஒரு வாரப் பத்திரிகை, அதன் மேல் அவனுடைய பெல்ட். பள்ளி மைதானத்தில் கம்பியில் தலைகீழாகத் தொங்கியவள் கையை ஊன்றி விழுந்தபோது, ஆசிரியைக்கு அகப்பட்டது அந்தப் பத்திரிகைதான். பெல்ட் இல்லாத பேன்ட்டை ஒரு கையால் பிடித்துக்கொண்டு ஓடுவது எவ்வளவு கடினம் என்பது ஓடியவர்களுக்குத்தான் தெரியும்.

"அப்பா, சுண்டு விரல் தூங்குது."

"தூங்கட்டும்டா வாலு. இப்போ எழுப்பிடலாம்."

"பக்கத்து விரலும் தூங்கிடுச்சு."

அவன் வேகத்தைக் கூட்டினான்.

எதிர்ச்சாரியில் இருந்த ஆஸ்பத்திரியில் சர்ஜன் தெளிவாகவே சொல்லியிருந்தார். "குழந்தைங்க முழங்கையை எக்ஸ்ரே படம் எடுக்கறதும் வாசிக்கறதும் எதிர்ல இருக்கற வாசிப்பகத்தோட உரிமை. நான் எட்டிப் பாத்தாக்கூடக் குத்தம். அங்க இருக்கற ஒரு டாக்டர் வாயால 'முறிவு'ன்னு ஒரு வார்த்தை வரட்டும், அடுத்த நிமிஷம் நான் கத்தியை எடுக்கறேன். ஆனா சீக்கிரம் வாங்க. சுண்டு விரலும் மோதிர விரலும் மரத்துப்போச்சுன்னா நரம்பு மாட்டிக்கிட்டிருக்கு. விட்டா அந்த ரெண்டு விரலும் மடங்கினது மடங்கினதுதான். அப்புறம் யாராலயும் நிமித்த முடியாது."

ஒரு வார்த்தை. அதை வாங்கத்தான் இந்த ஓட்டம்.

காவலாளி ஓடி வந்து மறித்துக்கொண்டார். வலது கையை நெஞ்சுக்கு நேரே தூக்கி, சுண்டு விரலையும் மோதிர விரலையும் உள்ளே மடக்கி, மற்ற மூன்றையும் விரித்துக் காட்டினார்.

"வாசிப்பக வணக்கம். நீங்களும் வைக்கணும்."

"கையில குழந்தை இருக்கே."

"அதனாலதான் பொறுமையா நிக்கறேன்."

அவன் மகளை பெஞ்சில் உட்காரவைத்து, விரல் இரண்டை மடக்கி, வணக்கம் வைத்தான். பிறகு அவளைத் தூக்கிக்கொண்டு லிஃப்ட் பக்கம் திரும்பினான்.

"லிஃப்ட் தலைமை வாசிப்பாளருக்கு மட்டும். நீங்க படியில போங்க. மூணாவது மாடி."

அவனுக்கு அது இரட்டை வலி. அவன் பிழைப்பே லிஃப்ட் மெக்கானிக் வேலை. எந்த லிஃப்டின் கதவையும் திறக்கும் சாவி அவன் பேன்ட் பையில், பெல்ட் இல்லாத குறையை மேலும் பெரிதாக்கிக்கொண்டு, கனத்துக் கிடந்தது. ஆனாலும் அவன் சட்டத்துக்குப் பயந்தவன். படியேறினான்.

*

மூன்றாவது மாடிக் கூடத்தில் குழந்தைகள். எல்லோர் கையிலும் மாவுக்கட்டு. அவனுக்கு உறைத்தது கட்டு அல்ல. ஒரு குழந்தையும் அழவில்லை. ஒருத்தன் கட்டுப்போட்ட கையால் இன்னொருத்தன் மண்டையில் நங்கென்று போட்டுவிட்டு ஓடினான். ஒரு பெண் அதே கையைத் தரையில் ஊன்றிக் குட்டிக்கரணம் அடித்தாள்.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மாவிடம் கேட்டான். "உங்க பையனுக்கு எப்படிங்க அடிபட்டுச்சு?"

"அடியே படலைங்க. இவங்க அக்காதான் மாடியிலேர்ந்து விழுந்தா. இவன் துணைக்கு வந்தான். வந்தவனையும் ஒரு படம் எடுத்துப் பாத்தாங்க. மாதிரியோட ஒத்துப்போகலையாம். கட்டிட்டாங்க."

"அக்காவுக்கு?"

"அவ நார்மல். வீட்ல அழுதுக்கிட்டிருக்கா."

அந்த அம்மா இதைச் சொன்ன தொனியில் வருத்தமும் இல்லை, கிண்டலும் இல்லை. பழகிப்போன குரல்.

"மாதிரின்னா?"

"மாதிரிதாங்க. உள்ள திரை போட்டு வெச்சிருக்காங்க. இந்த வாசிப்பகத்தைத் தொடங்கின பெரியவர் தன் கையால நார்மல்னு வாசிச்ச முதல் படம். எல்லாப் பிள்ளைங்க முழங்கையும் அதோட ஒத்துப்போகணும். போகலைன்னா..." மகனின் மாவுக்கட்டைச் செல்லமாகத் தட்டினாள். "ஒத்துப்போற வரைக்கும்."

அவன் போன் அடித்தது. மனைவி. வேலை பார்க்கும் இடத்திலிருந்து கிளம்பி, இரண்டு பஸ் மாறி வந்துகொண்டிருந்தாள்.

"என்னங்க சொல்றாங்க?"

"இன்னும் கூப்பிடல."

"விரல் அசைக்கறாளா? பாத்து சொல்லுங்க."

அவன் பார்த்தான். மகள் அசைக்க முயன்றுகொண்டிருந்தாள். நெற்றியெல்லாம் சுருங்கியது. விரல் அசையவில்லை.

"அசைக்கப் பாக்கறா," என்றான். பொய் இல்லைதான்.

*

படம் எடுக்கும் அறையில் இருட்டு. மேஜை மேல் ஒரு சதுர வெளிச்சம் மட்டும் விழுந்தது. படமெடுப்பவர் அவளைக் குனிந்து பார்த்தார். "கையை நீட்டு கண்ணு."

முன்பின் தெரியாத ஆளிடம் வலிக்கிற கையை எந்தக் குழந்தையும் நீட்டாது. அவள் இடது கையை நீட்டினாள். நீட்டியது மட்டுமா, அந்த வெளிச்சத்தைப் பார்த்ததும் கட்டை விரலைக் காதாக நிமிர்த்தி, நடு விரல்களை மூக்காகச் சேர்த்து, சுண்டு விரலைக் கீழ்த்தாடையாக்கி மேஜையில் ஒரு நிழல் நாய் செய்தாள். நாய் வாயைத் திறந்து மூடியது.

"லொள்," என்றாள்.

கிளிக்.

"சார், அது நல்ல கை! அடிபட்டது வலது!"

"நல்ல கையா இல்லையான்னு வாசிப்பகம் சொல்லும். நீங்க யாரு சொல்றதுக்கு?"

"நான் அவ அப்பா."

"அதான் பாத்தேன். பாசத்துல பேசறீங்க."

கெஞ்சிக் கூத்தாடி வலது கைக்கும் ஒரு படம் வாங்கினான். பத்திரிகையைப் பிரித்தபோது மகள் வீரிட்டாள். முழங்கை உள்பக்கம் உருண்டு வீங்கியிருந்தது. அந்தக் கையை மெல்ல வெளிச்சத்தில் வைத்தார்கள். அவள் அழுகைக்கு நடுவிலும் நிழலைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"அப்பா, இந்த நாய் வாயைத் திறக்க மாட்டேங்குது."

படமெடுப்பவர் மூன்று விரலால் பேனாவைப் பிடித்து ஏதோ குறித்துக்கொண்டிருந்தார். அவருடைய மற்ற இரண்டு விரலும் உள்ளே மடங்கியிருந்தன. வணக்கம் வைத்து வைத்து அப்படியே பழகிவிட்டது போலிருக்கிறது என்று அவன் நினைத்துக்கொண்டான்.

*

வாசிப்பு மண்டபத்தில் எல்லோரும் எழுந்து நிற்க, திரை விலகியது.

ஒரு கண்ணாடிப் பெட்டி. உள்ளே வெள்ளை வெளிச்சம். வெளிச்சத்தில் ஒரு சின்ன முழங்கை. ஓரங்கள் பழுப்பேறிய பழைய படம். அடியில் நிறுவனரின் எழுத்து: எட்டு வயது, ஆண், வலது, நார்மல்.

"யாரோட கை சார் அது?" பக்கத்தில் நின்ற ஊழியரிடம் கிசுகிசுத்தான்.

"உஸ். எலும்புக்குப் பேர் கிடையாது."

மண்டபம் முழுக்க இரண்டு விரல் மடக்கிய கைகள் எழுந்தன. ஒருவர் மட்டும் கை தூக்கவில்லை. மேடையின் கோடியில், பெரிய நாற்காலியில், வெள்ளைக் கோட்டு போட்ட முதியவர். நிறுவனரின் மகன். தலைமை வாசிப்பாளர். அவரது வலது கை கோட்டுப் பைக்குள் இருந்தது. அது வெளியே வந்து யாரும் பார்த்ததில்லையாம். அதுதான் கம்பீரம் என்று ஊழியர் சொன்னார்.

மகளின் இரண்டு படங்களும் மாதிரியின் இரு பக்கமும் மாட்டப்பட்டன. மூத்த வாசிப்பாளர் எழுந்தார். கனைத்தார்.

"இடது முழங்கை. அடடா. எவ்வளவு பெரிய வித்தியாசம்! மாதிரியில் மூட்டின் நடுவே அழகாக ஒரு எலும்புத் துண்டு இருக்கிறது. இந்தக் குழந்தைக்கு அதைக் காணோம். அது பாட்டுக்கு ஓரத்தில் போய் ஒட்டிக்கொண்டிருக்கிறது. கட்டு!"

"கட்டு!" என்றது மண்டபம்.

"வலது முழங்கை. மூட்டின் நடுவே துண்டு. ஓரம் சுத்தம். அப்படியே மாதிரி. அச்சில் வார்த்தது போல. நார்மல்!"

கைதட்டல்.

அவனுக்கு முதலில் புரியவில்லை. புரிந்தபோது ஓர் அடி முன்னால் வந்தான். "ஐயா, ஒரு நிமிஷம். வலது கையிலதான் வலின்னு அழறா."

"வலி படத்தில் விழாது தம்பி."

"வீங்கியிருக்கு ஐயா! நீங்க வந்து பாருங்க!"

"கையைப் பார்த்துப் படம் வாசிப்பது பாமரர்கள் வேலை. நாங்கள் படத்தைப் பார்த்துத்தான் கையை முடிவு செய்கிறோம்."

"அப்ப அவளோட ரெண்டு கையையுமாவது ஒண்ணோட ஒண்ணு ஒத்துப் பாருங்களேன். ஒரே பிள்ளையோட கைதானே? ஒண்ணுல ஓரத்துல இருக்கற துண்டு, இன்னொண்ணுல ஏன் நடுவுல போச்சு?"

மண்டபம் சிரித்தது. மூத்த வாசிப்பாளர் சிரிப்பு அடங்கும்வரை காத்திருந்தார்.

"ஒரு குழந்தையை அதே குழந்தையோடு ஒத்துப் பார்ப்பதா? அது விஞ்ஞானம் இல்லை, சொந்தக்காரர்கள் வேலை. நமக்கு மாதிரி இருக்கிறது. வாசிப்பகம் தொடங்கிய நாள் முதல் மாதிரி ஒருமுறைகூடத் தவறியதில்லை. தவறியிருந்தால், அதோடு ஒத்துப் பார்த்தே நாங்கள் கண்டுபிடித்திருப்போமே!"

பலத்த கைதட்டல். நர்ஸ் ஒருத்தி மகளைப் பிடித்து மேடை முன்னால் நிறுத்தினாள். இவ்வளவு அச்சாக ஒத்துப்போன முழங்கைக்கு வாழ்த்து உண்டாம். வணக்கம் வைக்கச் சொல்லித்தரக் குனிந்தவள், மகளின் வலது கையைப் பார்த்துவிட்டு நிமிர்ந்தாள்.

"ஐயோ, இங்க பாருங்களேன்! சொல்லித்தரவே வேண்டாம். தானா வருது!"

சுண்டு விரலும் மோதிர விரலும் உள்ளே மடங்கியிருந்தன. மண்டபம் ஆர்ப்பரித்தது.

தலைமை வாசிப்பாளர் மட்டும் கை தட்டவில்லை. அந்தச் சின்னக் கையையே வெறித்துக்கொண்டிருந்தார். அவர் முகத்தில் ரத்தம் வற்றியிருந்தது.

அவன் மேடைக்கு ஓடினான். "ஐயா, உங்க வாயால ஒரு வார்த்தை. முறிவு. அவ்வளவுதான். எதிர்ல சர்ஜன் காத்துக்கிட்டிருக்கார்."

முதியவரின் உதடு அசைந்தது. பிறகு இறுகியது.

"எங்கப்பா வாசிச்ச படம் அது," என்றார், மற்ற யாருக்கும் கேட்காத குரலில். "அதைத் திருப்பி வாசிக்கற வழக்கம் இங்க இல்லை. போங்க. பிள்ளை நார்மல். நார்மலாவே இருந்துக்குவா. பழகிடும்."

கடைசிச் சொல் மனப்பாடம் செய்தது போல வந்தது.

*

"சத்தம் போடாம என் பின்னாடி வாங்க."

மண்டபத்துக்கு வெளியே, வாளிகள் அடுக்கிய அறை. கூப்பிட்டது ஒரு பெண். வாசிப்பகத்தின் இளைய டாக்டர். கடைசி வரிசையில் உட்கார்ந்து எல்லாவற்றுக்கும் கை தட்டியவள்.

"நான் சொன்னேன்னு வெளிய சொல்லிடாதீங்க அண்ணா. குழந்தைங்க முழங்கையில எலும்பு ஒரேயடியா வராது. துண்டு துண்டா, வயசுப்படி, வரிசையா வரும். உள் ஓரத்துத் துண்டு முதல்ல. நடுத்துண்டு அதுக்கப்புறம்தான், இவளுக்கு அதுக்கு இன்னும் வயசாகலை. நல்ல கையில பாருங்க, ஓரத்துல மட்டும்தான் இருக்கு. அடிபட்ட கையில ஓரத்துல காணோம், நடுவுல இருக்கு. அப்படின்னா அது நடுத்துண்டே இல்லை."

அவன் யோசித்தான். "மூணாவது மாடியைத் தொடாம லிஃப்ட் நாலாவதுக்குப் போகாது. மூணு எரியாம நாலு எரிஞ்சா, விளக்கை மாத்தி மாட்டியிருக்குன்னு அர்த்தம்."

"அதேதான். ஓரத்துத் துண்டு பிஞ்சு மூட்டுக்குள்ள போய் மாட்டிக்கிச்சு. அதை ஒட்டித்தான் அந்த ரெண்டு விரலோட நரம்பு போகுது. மூட்டைத் திறந்து துண்டை வெளிய எடுத்து, பழைய இடத்துல வெச்சு இறுக்கணும். இன்னிக்கே."

"அப்ப அந்த மாதிரிப் படம்?"

அவள் கதவைச் சாத்தினாள்.

"மாதிரியே உடைஞ்ச கைதான் அண்ணா. வந்த முதல் நாளே எனக்குத் தெரிஞ்சது. எல்லாருக்கும் வந்த முதல் நாள் தெரியும். ரெண்டாவது நாள் தெரியாது."

"யாரோ ஒரு எட்டு வயசுப் பையன்..."

"ஆமா. அந்தப் பையன் யாரு, கை என்னாச்சுன்னு யாருக்கும் தெரியாது. கேட்டவங்க வேலையில இல்லை."

கதவு தட்டப்பட்டது. தட்டியவர் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. மாவுக்கட்டுக்காரர் உள்ளே வந்தார். கையில் வாளி. தோளில் நனைத்த துணிச்சுருள். பின்னால் இரண்டு தடியான உதவியாளர்கள்.

"இங்கயா இருக்கீங்க? இடது முழங்கை, உடனே கட்டணும்னு உத்தரவு. பாப்பா, நீட்டும்மா."

அவள் இடது கையை முதுகுக்குப் பின்னால் ஒளித்தாள். "இந்தக் கையையும் கட்டிட்டா என் நாய் எப்படிக் குரைக்கும்?"

"நாயா?"

"ஒரு நாய் ஏற்கெனவே செத்துப்போச்சு."

மாவுக்கட்டுக்காரர் சிரித்தார். நல்ல மனிதர்தான். சிரித்துக்கொண்டே துணிச்சுருளைப் பிரித்தார். சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் தரையில் விழுந்தது. உதவியாளர்களில் ஒருவன் கதவை அடைத்துக்கொண்டு நின்றான்.

இளைய டாக்டர் தன் வெள்ளைக் கோட்டைக் கழற்றினாள். மெதுவாகத்தான் கழற்றினாள். பிறகு அதை அப்படியே வாளிக்குள் போட்டாள். மாவுக்கட்டுக்காரர் பதறிக் குனிந்தார். வாளி கவிழ்ந்தது. கதவடைத்து நின்றவன் வழுக்கினான்.

"ஓடுங்க அண்ணா! நானும் வரேன். அந்த வார்த்தையை நானே வந்து சர்ஜன்கிட்ட சொல்றேன்!"

*

படிக்கட்டில் காலடிச் சத்தம் மேலேறி வந்தது. காவலாளியும் இன்னும் நாலைந்து பேரும். இன்னொரு பக்கம் மண்டபக் கதவு திறந்து கூச்சல் கொட்டியது. நடுவில் லிஃப்ட். தலைமை வாசிப்பாளருக்கு மட்டும்.

வாழ்நாளில் முதல்முறையாக அவன் சட்டத்துக்குப் பயப்படவில்லை. பையிலிருந்து சாவியை எடுத்தான். கதவு மேலிருந்த சின்ன ஓட்டையில் சொருகித் திருப்பினான். வழுக்கிக்கொண்டு திறந்தது. உள்ளே பளபளக்கும் கண்ணாடி, ஒரு குஷன் ஸ்டூல். பொத்தான்கள் எல்லாம் இடது பக்கச் சுவரில், இடது கைக்குத் தோதான உயரத்தில் இருந்தன. யாரோ கேட்டு மாற்றி அமைத்த வேலை. மெக்கானிக் கண் அதைக் குறித்துக்கொண்டது. ஏன் என்று யோசிக்க நேரமில்லை.

"கீழ் மாடிப் பொத்தானை அமுக்குங்க டாக்டரம்மா!"

கதவு மூடத் தொடங்கியது. காலடிகள் நெருங்கின. மகள் அவன் கழுத்தை நல்ல கையால் கட்டிக்கொண்டாள். இடைவெளி ஒரு ஜாண். ஒரு விரற்கடை.

ஒரு கை உள்ளே நுழைந்தது.

கதவு அதன் மேல் இடித்து, தயங்கி, மறுபடி திறந்தது.

தலைமை வாசிப்பாளர் நின்றுகொண்டிருந்தார், தனியாக. பின்னால் கூட்டம் சற்றுத் தள்ளி உறைந்து நின்றிருந்தது. அவர்கள் யாரும் இவனைப் பார்க்கவில்லை. கோட்டுப் பையிலிருந்து முதல்முறையாக வெளியே வந்திருந்த அந்த வலது கையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

மெலிந்த கை. விரல்களுக்கு இடையே சதை வற்றிப் பள்ளம் விழுந்திருந்தது. மூன்று விரல் நிமிர்ந்திருந்தன. சுண்டு விரலும் மோதிர விரலும் உள்ளங்கையை நோக்கிக் கொக்கியாக வளைந்திருந்தன. அது வணக்கம் வைக்கவில்லை. அதற்கு விரியத் தெரிந்ததே அவ்வளவுதான்.

கூட்டத்தில் யாரோ, பழக்கதோஷத்தில், தன் இரண்டு விரலை மடக்கிக் கை தூக்கினார்கள். பிறகு என்ன செய்கிறோம் என்று தெரிந்து, அவசரமாக இறக்கிக்கொண்டார்கள்.

"அப்பா," மகள் காதில் கிசுகிசுத்தாள். "தாத்தாவோட நாயும் வாயைத் திறக்க மாட்டேங்குது."

முதியவர் அவளைப் பார்த்தார். பிறகு இளைய டாக்டரை. அவளுடைய கோட்டு இல்லாத தோள்களை. அவர் பேசியபோது அது நிறுவனரின் மகனின் குரலாக இல்லை. எங்கோ விழுந்துவிட்டு வந்து, அப்பா முன்னால் கையை மறைத்துக்கொண்டு நிற்கும் ஒரு பையனின் குரலாக இருந்தது.

"அந்த சர்ஜன்கிட்ட போறீங்கல்ல... பாப்பா கையைச் சரி பண்ணி முடிச்சப்புறம், அவரை ஒண்ணு கேட்டுச் சொல்றீங்களா? படம் எங்கிட்ட இருக்கு. எட்டு வயசுல எடுத்தது. இப்ப நிமித்த முடியுமா?"